தொட்டியில் தண்ணீர் இருந்த ஒரே நாள்

1

தாளாளர் அவர்களே, பட்டமளிப்பு விழா மேடையில் என்னைப் பற்றி நீங்கள் சொன்னது பொய். ஞாபகப் பிசகு என்று தப்பிக்க முடியாது. உங்கள் தலைக்குப் பின்னால் இருந்த பெரிய திரையிலேயே அதற்கு ஆதாரம் இருந்தது. நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

நெதர்லாந்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து இதை எழுதுகிறேன். ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலில் சைக்கிள் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது அந்த வீடியோ வந்தது. கையில் பம்பைப் பிடித்துக்கொண்டே பார்த்தேன். நீங்கள் மைக்கைப் பிடித்து இப்படிப் பேசினீர்கள்:

"வளரும் நாட்டுப் பிள்ளைங்கன்னு சொல்லி வெளிநாட்டுக்காரன் முழுச் செலவும் ஏத்துக்கிட்டு மேல்படிப்பு படிக்க வைக்கிறான். படிச்சு முடிச்சு ஊருக்குத் திரும்பி உழைக்கணும்னு வாக்கு வாங்கிக்கிட்டுதான் கூப்பிடுறான். இந்தம்மா வாக்குக் குடுத்துட்டுத்தான் போனாங்க. போனவங்க இந்த மண்ணைத் திரும்பி மிதிக்கவே இல்ல. ஓடிப்போயிட்டாங்க! அதனால சொல்றேன், இனிமே இந்த காலேஜ்லேருந்து யாருக்கும் அந்த மாதிரி லெட்டர்ல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

கைதட்டினார்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரி முதல்வரும் தட்டினார்.

"இந்தம்மா" என்று நீங்கள் கை காட்டிய இடத்தில் என் படம். பச்சைக் கைத்தறிப் புடவை கட்டியிருக்கிறேன். எனக்குப் பின்னால் கண்ணாடிப் பக்கங்கள் வைத்த நீளமான தொட்டி ஒன்று. தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று மாணவர்களுக்குக் காட்டுவதற்கான தொட்டி. அதில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. படிக்கிறவர்கள் இந்தப் படத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் கவினுக்குப் பத்து வயது. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, நீ ஓடிப் போனியா? எந்த ரேஸ்ல?" என்று கேட்டான். அவன் தமிழ் அவ்வளவுதான். நான் சிரிக்கவில்லை. டயர் பாதிக் காற்றோடு அப்படியே கிடந்தது.

2

என்னைத் திட்டியதோடு விஷயம் முடிந்திருந்தால் காற்றை அடித்து முடித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். நான் வாங்காத திட்டா? ஆனால் வீடியோவை அனுப்பியவள் தேன்மொழி. அந்தப் பேச்சு என் பெயரைச் சொல்லி அவள் கழுத்தில் வைத்த கத்தி.

தேன்மொழி மருங்காபுரிப் பக்கத்துப் பெண். மழை பெய்தால் கடலை, பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை என்கிற நிலம் அவர்களுடையது. அவளுடைய அப்பா பழனியாண்டி நிலத்தில் துளை போட்ட இடத்திலெல்லாம் புழுதிதான் கிளம்பியது. அதனாலேயே இந்தப் பெண் நிலத்தடி நீரைப் படிக்க வேண்டும் என்று நிற்கிறாள். உங்கள் கல்லூரியில்தான் சிவில் படித்தாள், நானும் அங்கேதான் படித்தேன். இப்போது அங்கேயே தொகுப்பூதியத்தில் பாடம் நடத்துகிறாள். நான் வாங்கிய அதே மாதிரி உதவித்தொகை அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும்போதுதான் என்னைத் தேடிப் பிடித்து அறிமுகமானாள். படிப்பு, விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, எல்லாம் அவர்கள் பொறுப்பு. எத்தனை பேர் விண்ணப்பித்து எத்தனை பேர் கழிந்த பிறகு இவள் மிஞ்சியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. இப்போது வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும். "படித்துவிட்டு வந்தால் இவருக்கு இங்கே வேலை உண்டு" என்று. இந்த மாதக் கடைசிக்குள் அது போய்ச் சேராவிட்டால் அவள் இடம் வேறொருவருக்கு.

வீடியோ அனுப்பிய அன்றைக்கே போன் செய்தாள்.

"அக்கா, லெட்டரை நானே டைப் பண்ணிக்கிட்டுப் போனேங்க்கா. அவர் கையெழுத்து மட்டும்தான் போடணும்."

"என்ன சொன்னாரு?"

"வராந்தாவுல மாட்டியிருக்கே ஒரு அம்மா படம், அது மாதிரிதானே நீயும் ஓடிருவன்னு கேட்டாரு. இல்ல சார், நான் வந்துருவேன்னு சொன்னேன். அந்தம்மாவும் அப்படித்தாம்மா சொல்லுச்சுன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"அழுதுட்டேங்க்கா."

"அழாத. நீ அழுதா அவருக்கு ரொம்ப வசதி."

பிறகு இழுத்து இழுத்துக் கேட்டாள். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நெஜமாவே திரும்பி வரலியா?"

"வந்தேன்டி. ரெண்டு வருஷத்துக்கு மேல திருச்சியிலதான் இருந்தேன்."

"அப்புறம் ஏங்க்கா யாருக்குமே தெரியல?"

அது நல்ல கேள்வி. விழாவில் அவமானப்படுத்திய அதே படத்தைத் துறை வராந்தாவில் "நம் பெருமை" என்று எழுதி மாட்டி வைத்திருக்கிறார்களாம். கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஆய்வுக்குழு வந்தால் நான் பெருமை. சொந்தக் கல்லூரிப் பிள்ளை ஒருத்தி கையெழுத்துக் கேட்டு வந்தால் நான் ஓடுகாலி. ஒரே ஆணிதான் இரண்டுக்கும்.

3

திருச்சி காட்டூரில் வளர்ந்தேன். அப்பாவுக்கு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டிங் வேலை. அவர் படிக்கச் சொன்னார், படித்தேன். அதில் கதை ஒன்றும் இல்லை.

உதவித்தொகையில் இங்கே படிக்க வந்த முதல் நாள் மட்டும் மறக்காது. எத்தியோப்பியா, நேபாளம், பெரு, வங்காளதேசம் என்று இருபது பேர் சுற்றி உட்கார்ந்தோம். அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். எல்லோரும் பெயரைச் சொன்னார்கள். அடுத்து, யாரும் கேட்காமலே, தன் நாட்டின் குறையைச் சொன்னார்கள். ஒருவர் வறட்சி, ஒருவர் வெள்ளம், ஒருவர் ஆர்சனிக் கலந்த கிணறு. நானும் கொள்ளிடம், மணல் என்று ஆரம்பித்தேன். வளரும் நாட்டுக்காரர்களுக்கு அதுதான் முகவரி. குறையைச் சொன்னால்தான் நாற்காலி.

என் பக்கத்தில் எத்தியோப்பியாக்காரர் தெஸ்ஃபாயே. எங்களை விட வயதில் பெரியவர், அரசாங்க அலுவலகத்தில் வேலை. அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னச் சாவி இருக்கும். ஒருநாள் என்ன சாவி என்று கேட்டேன். "என் ஆபீஸ் மேஜை. பூட்டி வைத்திருக்கிறார்கள். நான் போய்த்தான் திறக்க வேண்டும்" என்றார். படிப்பு முடிந்ததும் போய்த் திறந்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார்.

எனக்கு அப்படிச் சாவி எதுவும் இல்லை. திரும்பிப் போவேன் என்ற வாக்கு மட்டும் இருந்தது. உதவித்தொகை கொடுத்தவர்கள் என்னிடம் அந்த வாக்கை வாங்கினார்களே தவிர, நான் போய் உட்கார ஊரில் ஒரு நாற்காலி இருக்கிறதா என்று யாரையும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள், அதனால்தான் தேன்மொழிக்கு அந்தக் கடிதம். இன்றைக்கும் வருஷா வருஷம் எனக்கு மெயில் வரும், உங்கள் நாட்டில் நீங்கள் கொண்டுவந்த மாற்றம் என்ன என்று. நான் அதை அழிப்பதில்லை, பதிலும் எழுதுவதில்லை.

இப்போது என் வேலை வாய்க்கால்களில் நீர்மட்டம் பார்ப்பது. இந்த நாட்டில் கால் பகுதி கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. நாள் முழுக்கத் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டுகிறார்கள். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு சைக்கிளில் போய் பம்புகளைப் பார்ப்பேன். பம்பு ஒரு மணி நேரம் நின்றால் ஊரே போன் செய்கிறது. அப்போதெல்லாம் உங்கள் கண்ணாடித் தொட்டி ஞாபகத்துக்கு வரும். அதற்குத் தண்ணீர் காட்டியது ஒரே ஒரு நாள்.

4

திரும்பி வந்தேன். திருச்சி விமான நிலையத்தில் அப்பாவும் தம்பியும் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். காட்டூர் முனையில் ஃப்ளெக்ஸ் போர்டு வைத்திருந்தார்கள். மேல்படிப்பு முடித்துத் தாயகம் திரும்பும் எங்கள் தங்கமே என்று. கீழே தெருப் பையன்கள் எல்லோர் முகமும். என் முகத்தை விட அவர்கள் முகம் பெரிது.

உங்கள் கல்லூரியில் இடம் காலியாக இருந்தது. விண்ணப்பித்தேன். முதல்வர் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். போர்த்திவிட்டு, "வெளிநாட்டுப் பட்டம் இல்லையா, நம்ம பட்டத்துக்குச் சமம்னு இணைச் சான்றிதழ் ஒண்ணு வாங்கிண்டு வந்துடும்மா" என்றார்.

அதற்காகச் சென்னையில் ஏறி இறங்காத படியில்லை. கடைசியில் ஒரு கவுன்ட்டரில் ஒருவர் என் பட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை வருஷப் படிப்பு?"

"ஒன்றரை வருஷம் சார்."

"நம்ம எம்.டெக். ரெண்டு வருஷமாச்சே. ஆறு மாசம் குறையுது."

"அங்க லீவே கிடையாது சார். பாட நேரத்தைக் கணக்குப் பார்த்தா நம்மளை விட அதிகமா வரும்."

"நேரத்தை யாரும்மா கேக்கறா? வருஷம் குறையுது. மீதி ஆறு மாசத்தை எங்கயாச்சும் படிச்சிட்டு வாங்க."

"எங்க சார் படிக்கறது?"

"அதை நான் எப்படிச் சொல்றது? வருஷம் சரியா இருக்கான்னு பாக்கறது மட்டும்தான் இந்த சீட்டு வேலை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

ஆறு மாதப் பட்டம் எந்த ஊரில் விற்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் முதல்வர் வீடு. அங்கே போய்ச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. மாமி சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து வைத்தார். முதல்வர் விரலை மடக்கிக்கொண்டு யோசித்தார்.

"ஒன்றரையை ரெண்டா ஆக்கறதுக்கு நான் யாரும்மா? எல்லாம் ரங்கநாதன் சித்தம். தாளாளர் காதுல போட்டு வைக்கறேன். நீ பிரசாதத்தை எடுத்துக்கோ."

"சார், எனக்குப் பிரசாதம் வேண்டாம், வேலை வேணும்."

"ரெண்டையும் அவர்தானே தரணும்" என்று மேலே கை காட்டினார். பெருமாளையா, தாளாளரையா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

5

கொஞ்ச நாளில் முதல்வரே போன் செய்தார். குரலில் ஒரே சந்தோஷம். "நாளைக்கே வந்து சேர்ந்துடு. ஆர்டர் பின்னாடி வரும். பட்டுப் புடவை வேண்டாம், கைத்தறி கட்டிண்டு வா. பார்த்தா புரொபசர்னு தெரியணும்."

அம்மா மலைக்கோட்டைக் கீழ்ச் சந்தில் ஒரு கடைக்கு ஓடிப்போய் அந்தப் பச்சைப் புடவையை வாங்கி வந்தார். நானும் நம்பிக்கொண்டு போனேன்.

துறையில் ஒரு அறை. கதவில் என் பெயர்ப் பலகை. பெயருக்கு முன்னால் "டாக்டர்" என்று வேறு போட்டிருந்தார்கள். "சார், நான் முனைவர் பட்டம் படிக்கலியே" என்றேன். "படிக்கத்தானே போறே" என்றார் முதல்வர்.

ஆய்வகத்துக்கு வெளியே ஒரு தண்ணீர் லாரி நின்றது. குழாயை ஜன்னல் வழியாக விட்டு அந்தக் கண்ணாடித் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நான் மாணவியாக இருந்தபோது அந்தத் தொட்டியில் பழைய விடைத்தாள் கட்டுகள்தான் கிடக்கும். இப்போது பாலக்கரையில் வாடகைக்கு எடுத்த மோட்டார் ஒன்று அதன் அடியில் உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடி இடுக்கில் கசிந்த இடத்தில் அட்டெண்டர் முருகையன் சோப்பைத் தேய்த்து அடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, இன்னைக்கு என்ன விசேஷம்?"

"தெரியாதாம்மா? ஆய்வுக்குழு வருது. காலையிலேருந்து புது வாத்தியாருங்களா வந்து இறங்குறாங்க. எனக்கே நம்ம காலேஜ் அடையாளம் தெரியல."

அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. ஆனாலும் என்னிடம் "வந்து சேர்ந்துடு" என்றல்லவா சொன்னார்? நான் வேடத்துக்கு வந்தவள் இல்லையே, வேலைக்கு வந்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

குழு வந்தது. நான் தொட்டியை ஓட்டிக் காட்டினேன். நடுவில் ஒரு தடுப்பை இறக்கி, தண்ணீர் எங்கே பாய்கிறது, எங்கே தயங்கிக் குதித்து மேலே எழுகிறது, அணைக்கட்டுக்குக் கீழே மண் ஏன் அரிக்கிறது என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த வேலை அது. மனசு நிறைந்து செய்தேன். குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் உங்களைப் பார்த்து, "இந்த மாதிரி ஆளுங்களை விட்டுடாதீங்க" என்றார். நீங்கள், தாளாளர் அவர்களே, என் பக்கத்தில் நின்று, "எங்க பொண்ணு சார், எங்க விடுவோம்?" என்று சொன்னீர்கள். அப்போது கல்லூரி புகைப்படக்காரர் என்னை மட்டும் ஒரு படம் எடுத்தார்.

பச்சைக் கைத்தறிப் புடவை. பின்னால் தண்ணீர் ஓடும் தொட்டி.

அதுதான் ஓடிப்போனவள் என்று திரையில் காட்டிய படம். இந்த மண்ணைத் திரும்பி மிதிக்கவே இல்லை என்று நீங்கள் சொன்ன பெண், அந்தப் படத்தில் உங்கள் ஆய்வகத்துத் தரையை மிதித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் திரும்பி வந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி என்னிடம்கூடக் கிடையாது.

6

மறுநாள் காலையில் போனேன். முருகையன் ஸ்குரூ டிரைவரோடு கதவு முன்னால் நின்று என் பெயர்ப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது?"

"கழட்டி வைக்கச் சொன்னாங்கம்மா. தூக்கிப் போடல, பயப்படாதீங்க. பத்திரமா வைக்கணுமாம். அடுத்த வாட்டி வேணும்ல?"

ஆர்டர் எங்கே என்று முதல்வரைக் கேட்டேன். "அந்த ஆறு மாசம் குறையுதேம்மா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். முந்தின நாள் அந்த ஆறு மாதம் குறையவில்லை. ஆய்வுக்குழு சாப்பிட்டுவிட்டுக் கார் ஏறியதும் குறைந்துவிட்டது.

அதற்குப் பிறகும் நான் ஓடவில்லை. வேறு கல்லூரிகளில் கேட்டேன், அதே ஆறு மாதம். கம்பெனிகளில் கேட்டேன், அதிகம் படித்துவிட்டீர்கள் என்றார்கள். ஒரு இடத்தில் குறை, ஒரு இடத்தில் அதிகம். டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தேன். கல்யாணம் ஆனது. ஊரில் இருப்பதாகக் கொடுத்த வாக்கு இரண்டு வருடம். அதைத் தாண்டியும் இருந்தேன். பிறகு இங்கே எனக்குப் பாடம் எடுத்தவர் ஒருவர், பம்பு நிலையத்தில் வேலை இருக்கிறது, வருகிறாயா என்று எழுதினார். அவர் என் பட்டத்தின் நீளத்தை அளக்கவில்லை. கிளம்பினேன்.

இங்கே எல்லாம் பாலும் தேனுமாக ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன். குடியிருப்பு அனுமதிக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். என்னுடையதில் பெண் குழந்தை என்று இருந்தது, பெயர் இல்லை. நம் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான், பெயர் பிறகுதானே வைக்கிறோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி மிகவும் மரியாதையாகக் கேட்டார், "அப்படியானால் பிறந்தது யார்?" என்று. அதைச் சரி செய்ய அப்பா திருச்சியில் மூன்று அலுவலகம் அலைந்தார். இங்கே பேசும் மொழியில் எனக்கு இன்றும் தடுமாற்றம்தான். கூட்டத்தில் ஒரு வாக்கியத்தை நான் மனதுக்குள் கட்டி முடிப்பதற்குள் பேச்சு அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆனால் அந்தப் பெண்மணி சான்றிதழ் வந்ததும் முத்திரை குத்தினார். மறுநாள் அதை அழிக்கவில்லை.

கவின் விஷயம்தான் கொஞ்சம் உறுத்துகிறது. பள்ளியில் உன் ஊரைப் பற்றி எழுது என்றால் இந்த வாய்க்கால் ஊரைத்தான் எழுதுகிறான். காவிரி பெரிய வாய்க்காலா என்று கேட்கிறான். வீடியோ பார்த்த அன்று சாப்பிடும்போது திரும்பவும் ஆரம்பித்தான்.

"அம்மா, நீ ஓடலன்னு சொன்னியே. அப்ப திருச்சி உன்னை வேண்டான்னு சொல்லிச்சா?"

"திருச்சி சொல்லல. ஒரு ஆள் சொன்னாரு."

"ஒரு ஆள் சொன்னா ஏன் கேட்டே?"

சாதத்தைச் சாப்பிடு என்றேன். பதில் தெரியாமல் இல்லை. பத்து வயதுப் பையனுக்குக் கல்லூரித் தாளாளர் என்றால் என்ன என்பதை எந்த மொழியில் சொல்ல?

7

நாலு நாள் கழித்து மருங்காபுரியிலிருந்து போன். தேன்மொழி எண்தான், ஆனால் பேசியது பழனியாண்டி. வணக்கம் என்றுகூட இல்லை.

"ஏம்மா, வெளிநாட்டுல இருக்கற அம்மாதானே?"

"ஆமாங்க ஐயா. சொல்லுங்க."

"என் பொண்ணு ராவெல்லாம் உக்காந்து அழுவுது. அந்தப் பெரிய மனுசன் பேசுனதைப் போன்ல போட்டுக் காட்டுச்சு. எனக்கு ஒரு சந்தேகம் கேக்கணும். கேக்கலாமா?"

"கேளுங்க."

"தண்ணியில்லாத ஊருக்காரி தண்ணிக்குள்ள கெடக்குற நாட்டுக்குப் போயி என்னத்தப் படிச்சிட்டு வரப் போவுது?"

"நிலத்துக்கு அடியில தண்ணி எங்க இருக்கு, எவ்வளவு எடுக்கலாம்னு கணக்குப் பாக்கற படிப்புங்க. உங்க ஊருக்குத்தான் அது தேவை."

"அது இருக்கட்டும். போயிட்டு வந்துருமா?"

"வந்துருவாங்க."

"நீங்க வரலியே?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு மாதம், லாரித் தண்ணீர், பெயர்ப் பலகை, புகைப்படம். நடுவில் லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை "ஐயா, ஐயா" என்றேன். "இருக்கேன், சொல்லுங்க" என்றார்.

முடித்ததும் தொண்டையைச் செருமினார். "அப்ப தொட்டியில தண்ணி ஊத்தி ஏமாத்திருக்கான்."

"ஆமாங்க."

"நான் போர்வெல் போட்டவன்கிட்ட ஏமாந்தேன். நீங்க படிச்சவங்க, உங்களையும் ஏமாத்திருக்கான். சரி. இதையெல்லாம் எங்கிட்ட சொல்லி என்னம்மா பிரயோசனம்? நானா கையெழுத்துப் போடப் போறேன்? அவரு ஊரு கூடி நிக்கிற எடத்துல மைக்குல சொன்னாரு. நீங்க போன்ல என் காதுல சொல்றீங்க. எது நிக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. "நான் என்ன செய்யணுங்கறீங்க?"

"அதை நான் சொல்லித் தெரியணுமா? என் பொண்ணைப் போகச் சொல்றதா, இருக்கச் சொல்றதான்னு எனக்குத் தெரியல. போயி வந்து உங்கள மாதிரி நடுத்தெருவுல நிக்கறதுக்கு இங்கயே இருக்கலாம். வேல இருக்குன்னு அவரு எல்லாரு முன்னாடியும் சொன்னா, நானே பஸ் ஏத்தி விடறேன். இல்லன்னு சொன்னாலும் சரி, தெரிஞ்சுக்கிட்டாப் போதும். எதையாச்சும் ஒண்ணைச் சொல்லச் சொல்லுங்க."

போனைத் தேன்மொழி வாங்கினாள். "அக்கா, அப்பா கோவமாப் பேசிட்டாரா?"

"இல்ல. சரியாத்தான் பேசுனாரு."

"அக்கா, ஒண்ணு கேக்கவா? வராந்தாவுல இருக்கற உங்க படத்துல தொட்டியில தண்ணி ஓடுதே, அதை எங்க எடுத்தாங்கன்னு நாங்க பேசிக்குவோம். நான் சேர்ந்ததுலேருந்து நம்ம லேப் தொட்டியில தண்ணியே பாத்ததில்ல. வெளிநாட்டு லேப்புன்னுதான் எல்லாரும் நெனச்சிக்கிட்டிருக்கோம்."

"பின்னாடி செவுத்துல பாரு. ஜன்னலுக்கு மேல கல்லூரிப் பேரு எழுதுன காலண்டர் தொங்கும்."

மறுநாள் அந்தக் காலண்டரை மட்டும் பெரிதாக்கி ஒரு படம் அனுப்பியிருந்தாள். வேறு எதுவும் எழுதவில்லை. இந்த முறை அவள் அழவில்லை என்று நினைக்கிறேன்.

8

ஆகவே, தாளாளர் அவர்களே, காதில் சொல்லாமல் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

எனக்கு வேலை வேண்டாம். பொன்னாடை வேண்டாம். என் படத்தை வராந்தாவில் வைத்துக்கொள்வதோ இறக்குவதோ உங்கள் விருப்பம். ஓடிப்போனவள் என்ற பெயரோடும் நான் நிம்மதியாகச் சைக்கிள் ஓட்டுவேன். ஆனால் என் பெயரை வைத்து இன்னொரு பெண்ணின் வழியை அடைக்க விடமாட்டேன்.

ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவது உங்களுக்கு நஷ்டமில்லை. உங்களுக்குப் பயம் வேறு. கையெழுத்துப் போட்டால் அவள் திரும்பி வருவாள். வந்து அந்தக் கடிதத்தைக் காட்டி நாற்காலி கேட்பாள். ஓடிப்போகிறவர்களால் உங்களுக்குத் தொல்லையே இல்லை, அவர்களைத் திட்டிக் கைதட்டு வாங்கலாம். திரும்பி வருகிறவர்கள்தான் உங்களுக்குத் தொல்லை.

முதல்வரை விட்டு எனக்குப் போன் செய்யச் சொல்லாதீர்கள். தேன்மொழியை அறைக்குள் கூப்பிட்டு மிரட்டாதீர்கள், சமாதானமும் பேசாதீர்கள். மாதம் முடிவதற்குள் எந்த மேடையில் என்னைத் திட்டினீர்களோ அதே மேடையில், அதே மைக்கில், அதே படத்தைத் திரையில் போட்டுக்கொண்டு பதில் சொல்லுங்கள். அந்தப் படம் எங்கே எடுத்தது? அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? முருகையன் கழற்றிப் பத்திரமாக வைத்த பலகை இப்போது யார் பெயரைத் தாங்கி நிற்கிறது?

இந்த மூன்றுக்கும் பதில் சொல்லக் கூச்சமாக இருந்தால் விட்டுவிடுங்கள். நான்காவது ஒன்று இருக்கிறது, அதற்கு மட்டும் சொல்லுங்கள். பழனியாண்டி முன் வரிசையில் வந்து உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்றரை வருடம் படித்துவிட்டு அவர் பெண் திரும்பி வந்தால், ஆய்வுக்குழு கார் ஏறிப் போன மறுநாளும் அவளுக்கு உங்கள் கல்லூரியில் வேலை உண்டா, இல்லையா?